பணம் கட்டாத ஏலதாரர் இயல்

ஏலம் கேட்டு, உடன் கேட்டவர்களை வென்று, பொருள் தமக்கே என்று உறுதியான பின்னர் பணம் கட்டாமல் இருந்துவிடுபவர் 'பணம் கட்டாத ஏலதாரர்' எனப்படுவார். எதையும் எடுத்துச் செல்லாததால் இவரைத் திருடர் என்று சொல்ல முடியாது. எதையும் கொடுக்காததால் வாங்குபவர் என்றும் சொல்ல முடியாது. ஏலத்தில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடியவை பொருள், வெற்றி ஆகிய இரண்டுமே எனில், பொருளை விற்பவரிடமே பெருந்தன்மையுடன் விட்டுவிட்டு வெற்றியை மட்டும் இலவசமாகப் பெற்றுச் செல்பவர் என்பதே இவருக்குப் பொருந்தும் இலக்கணமாகும்.

இவ்வினம் பெருகுவதற்கான காரணத்தை மனிதரின் குணக்கேட்டில் தேடுவதைவிட ஏலத்தின் அமைப்பில் தேடுவதே முறை. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளைப்படி, நீதிமன்ற ஏலத்தில் அசையாச் சொத்தை எடுத்தவர் விலையில் 25 விழுக்காட்டை அந்த இடத்திலேயே கட்டியாக வேண்டும். மீதியை 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். அவர் தவறியதால் மறு ஏலத்தில் விலை குறைந்துபோனால் அந்தக் குறையையும் அவரிடமே வசூலிக்கலாம். மனிதனை நன்கு அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. இணைய ஏலமோ ஒரு மின்னஞ்சல் முகவரியையும் ஓய்வின்றித் துடிக்கும் ஒரு விரலையும் மட்டுமே முதலாகக் கேட்டு வளர்ந்தது. பின்னாளில் ஈபே என்று பெயர் மாறிய தளத்தை 1995இல் பியர் ஒமிட்யார் தொடங்கியபோது முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் சுட்டுக்கருவி. அது உடைந்தது என்று தெரிந்தே ஒருவர் 14.83 டாலர் கொடுத்து வாங்கினார். உடைந்த பொருளுக்கே ஒழுங்காகப் பணம் கட்டிய அந்த உத்தமரின் முன்மாதிரியைப் பின்வந்தவர்களில் பலர் கவனிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

இது இணையத்தோடு பிறந்த நோய் என்று கருதுவதும் பிழை. கி.பி. 193இல் ரோமானியப் பேரரசரைக் கொன்ற மெய்க்காவல் படையினர் அரியணையையே ஏலத்தில் விட்டபோது, வீரர் ஒருவருக்கு 25,000 செஸ்டெர்ஷியஸ் நாணயங்கள் தருவதாகக் கேட்டு டிடியஸ் ஜூலியானஸ் அதை எடுத்தார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றவில்லை என்று வீரர்கள் வெகுண்டதாக வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதியிருக்கிறார். 66 நாள் ஆட்சிக்குப் பிறகு அவர் கொல்லப்பட்டார். 2009இல் பாரிஸில் நடந்த ஏலத்தில், பீக்கிங் கோடை அரண்மனையிலிருந்து கொள்ளைபோன எலித்தலை, முயல்தலை ஆகிய இரு வெண்கலச் சிற்பங்களை, ஏல நிறுவனக் கட்டணமும் சேர்த்துத் தலா ஒன்றரைக் கோடி யூரோவுக்கு மேற்பட்ட விலைக்கு எடுத்த சீனச் சேகரிப்பாளர் சாய் மிங்சாவ், பணம் கட்டப்போவதில்லை என்றும் அது தம் தேசக் கடமை என்றும் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார். மறுவருடம் லண்டன் புறநகரான ரைஸ்லிப்பில் 4.3 கோடி பவுண்டுக்கு ஏலம் போன சீனப் பூச்சாடிக்கும் அந்தப் பணம் வந்து சேரவேயில்லை. அச்சாடி பின்னர் அதில் ஏறத்தாழ பாதி விலைக்கு வேறொருவரிடம் போனதாகச் செய்திகள் வந்தன. இவர்களோடு ஒப்பிட்டால், பழைய கேமரா ஒன்றுக்கு 61 டாலர் கேட்டுவிட்டுக் கம்பி நீட்டுபவர் குற்றத்தில் மிகச் சிறியவரே. ஆயினும் சாய் மிங்சாவ் காரணமாவது சொன்னார்.

கேமரா விற்பவரின் நிலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏலம் முடிந்தவுடன் அவர் குமிழி உறையில் கேமராவைச் சுற்றி, அளவான அட்டைப்பெட்டி தேடி, எடை பார்த்து, நாடா ஒட்டி, முகவரிச் சீட்டையும் அச்சிட்டு வைத்துவிடுகிறார். பணம் கட்ட வாங்குபவருக்கு ஈபே தரும் 4 நாள் அவகாசத்தில் அந்தப் பெட்டி வரவேற்பறை மேசையிலேயே இருக்கிறது. இரண்டாம் நாள் பணிவான நினைவூட்டலும் மூன்றாம் நாள் பணிவு குறைந்த நினைவூட்டலும் செல்கின்றன. பதில் வராவிட்டால் ஒருவகையில் நிம்மதி. வந்தால்தான் ஆய்வாளருக்கு வேலை. வெள்ளிக்கிழமை சம்பளம் வரும் என்பார் ஒருவர், எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லமாட்டார். 61 டாலருக்குக் கேட்டு வென்ற பின்னர், 45 டாலருக்குத் தருவீர்களா என்று பேரத்தைப் புதிதாகத் தொடங்குவார் இன்னொருவர். மூன்று வயதுக் குழந்தை தெரியாமல் அழுத்திவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். ஏலக் கேள்விகளின் வரலாற்றைத் தளத்தில் திறந்து பார்த்தாலோ, அக்குழந்தை இரவு 11.42 மணியிலிருந்து ஏழு நிமிடங்களில் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் எதிராளி முந்தியதைக் கவனித்து, விதித்த படியளவுக்குக் குறையாமல் ஏற்றிக் கேட்டிருப்பது தெரியவரும். இத்தகைய பிள்ளையைப் பெற்றவர்கள் 61 டாலருக்குக் கவலைப்படத் தேவையில்லை.

பணம் வராததைவிட நுட்பமான சேதம் ஒன்று உண்டு. ஈபேயில் நடைமுறையில் இருப்பது பதிலிக் கேள்வி. அதாவது, ஒருவர் தாம் கொடுக்கத் தயாராக உள்ள உச்சத் தொகையை மறைவாகப் பதிந்துவிட்டால், அடுத்தவரை வெல்லத் தேவையான அளவுக்கு மட்டும் தளமே அவர் சார்பில் ஏற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். கேமராவுக்கு ஒருவர் 41 டாலரும் மற்றொருவர் 60 டாலரும் உச்சமாகப் பதிந்திருந்தால், அந்த விலைக்குரிய படி 1 டாலர் என்பதால், இரண்டாமவர் அதை 42 டாலருக்கு எடுத்துச் சென்றிருப்பார். இடையில் 75 டாலர் என்று பதிந்து நம் கதாநாயகர் புகுந்ததால் விலை 61 ஆயிற்று. ஒரு சல்லியும் தராதவர் விலையில் 19 டாலரை ஏற்றிவிட்டு மறைந்துவிட்டார். இப்போது விற்பவருக்கு 'இரண்டாம் வாய்ப்பு' என்னும் வசதி உண்டு. தோற்றவரை அழைத்து, அவர் கேட்ட உச்சத் தொகைக்கே, அதாவது 60 டாலருக்கே, பொருளைத் தர முன்வரலாம்.

அழைக்கப்பட்டவர் இதை எப்படிப் படிப்பார் என்பதைச் சிந்திக்க வேண்டும். எங்கிருந்தோ ஒருவர் வந்தார், விலையை ஏற்றினார், காணாமல் போனார், உடனே விற்பவர் இனிய மொழியில் கடிதம் எழுதுகிறார். விற்பவரே வேறு பெயரில் புகுந்து தம் பொருளின் விலையை ஏற்றும் கள்ளக் கேள்விக்கு உரிய அத்தனை அடையாளங்களும் இதில் பொருந்துகின்றன. நேர்மையான விற்பனையாளரால் இதை மறுக்க முடியுமேயன்றித் தம் நேர்மையை நிரூபிக்க முடியாது. மறுபடி ஏலத்தில் விட்டாலோ, திரும்பி வந்த பொருளில் ஏதோ பழுது இருக்கிறது என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தண்டனை என்று பார்த்தால், அவகாசம் கடந்ததும் விற்பவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். விற்பனைக் கட்டணம் திரும்ப வரும். தவறியவரின் கணக்கில் ஒரு குறிப்பு ஏறும். ஆனால் அவரைப் பற்றி ஊரறிய ஒரு வார்த்தை எழுத வழியில்லை. வாங்குபவர்களைப் பழிவாங்கும் கருவியாகச் சிலர் பயன்படுத்தியதால், வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தரும் உரிமையை 2008 மே மாதத்தில் ஈபே விற்பவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. அன்று முதல் விற்பவர் ஒன்று புகழலாம், அல்லது மௌனம் காக்கலாம். நேர்மறைக் குறியை இட்டு அதன் கீழே வசைபாடுவதற்கும் தடை உண்டு. வஞ்சப்புகழ்ச்சி அணியை விதி போட்டுத் தடைசெய்த வணிக நிறுவனம் இதுவாகவே இருக்கக்கூடும்.

விற்பவர் கையில் எஞ்சியிருப்பவை இரண்டு. கடந்த 12 மாதங்களில் இருமுறை பணம் கட்டாதவர்களை வாயிலிலேயே நிறுத்தும் அமைப்பு ஒன்று கணக்கில் உண்டு. தனிப்பட்ட முறையில் தடுக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் பட்டியலும் உண்டு. கல்யாணத்துக்கு அழைக்கக்கூடாதவர்களின் பட்டியலைப் போல இது பெரும்பாலும் விருந்து முடிந்த பிறகே தயாராகிறது. புதுப் பெயரில் புதுக் கணக்குடன் அவர் திரும்பி வந்தால் பட்டியலுக்கு அவரை அடையாளம் தெரியாது.

எனவே, அரிய பொருள் அல்லாத எதையும் ஏலத்தில் விடாமல் நிலையான விலை குறித்து, உடனடிப் பணம் என்ற நிபந்தனையுடன் விற்பதே அறிவுடைமை. அம்முறையில் பணம் வந்து சேரும்வரை பொருள் விற்றதாகவே கொள்ளப்படுவதில்லை. இல்லை, ஏலம்தான் வேண்டும் என்போர் பணம் வரும்வரை பெட்டிக்கு நாடா ஒட்டாமலாவது இருக்க வேண்டும்.