பொருள்: வெர்னியர் காலிப்பரைப் பீரோவிலிருந்து விடுவிக்கக் கோருதல்

விடுநர்
லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
பள்ளிக் கல்வித் துறை,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் (ஊர் வாயில் இன்னும் டி.பி.ஐ.),
கல்லூரிச் சாலை, சென்னை – 6.

பெருமதிப்பிற்குரிய துறையீர்,

விடுநர், பெறுநர், பொருள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். மார்க் குறைக்க வழியில்லை. பள்ளியில் கற்றதில் இன்றுவரை உதவுவது இந்தக் கடித வடிவம்தான். அதற்கும் சேர்த்து ஒரு நன்றி.

முக்கியமான நன்றி வேறு. எங்கள் பட்டறைக்கு ஒரு தம்பி வேலை கேட்டு வந்தார். பி.இ. மெக்கானிக்கல். ஒரு புஷ்ஷையும் வெர்னியரையும் எடுத்து வைத்து, வெளிவிட்டம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னோம். தம்பி கருவியைத் தொடவில்லை. நிமிர்ந்து நின்று, "மீச்சிற்றளவு 0.01 செ.மீ." என்றார். யாரும் கேட்காமலே சுழிப் பிழை இரு வகைப்படும் என்று தொடங்கி, நேர், எதிர் இரண்டையும் படம் வரைந்து விளக்கப் பேப்பர் கேட்டார். எட்டாவதோடு நின்றுவிட்ட எங்கள் ஃபோர்மேன் அசந்து போனார். "ஏனுங்க, இத்தனை தெரிஞ்சும் தம்பி அளக்கவே மாட்டேங்குதே?" என்று என் காதைக் கடித்தார். எங்கள் வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ.; அதன் மேலேயே பொறித்திருக்கிறது. தம்பி புத்தகத்தை நம்பினார், கண்ணை நம்பவில்லை. பன்னிரண்டு வருடம் பாடுபட்டு இந்த விசுவாசத்தை வளர்த்தெடுத்தது நீங்கள்தானே!

பள்ளியில் வெர்னியரே இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு சார். பீரோவுல." ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் எண்ணிக் காட்ட வேண்டிய பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் தொலையும், விழும், வளையும். செய்முறைத் தேர்வு நெருங்கியதும் பீரோ திறந்ததாம். அப்போதும் ரீடிங் போர்டில் இருந்தே வந்ததாம். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, முப்பதும் முழுசாகக் கிடைத்தது. அந்த மார்க்கைப் போட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். பூட்டிய பீரோவிலிருந்து முப்பது மார்க் எடுக்கத் திறமை வேண்டும்.

இதையெல்லாம் வேலைக்காகச் சொல்லித் தரவில்லை, கல்லூரிக்காகத்தான் என்பீர்கள். உங்கள் அலுவலகமே கல்லூரிச் சாலையில் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. சரி, கல்லூரிக்காவது தயாராகிறார்களா?

பதினொன்றாம் வகுப்பு என்று ஒன்று உண்டு. 2017இல் நீங்களே ஒரு உண்மையைக் கண்டுபிடித்தீர்கள்: பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகம் பிரிக்கப்படுவதேயில்லை, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடமே ஓடுகிறது, அதனால் பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் அரியரில் விழுகிறார்கள். ஆகவே பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டீர்கள். 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. அதே செப்டம்பரில், அந்த மார்க் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில்லை என்றீர்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வே வேண்டாம் என்றீர்கள். பிள்ளைகளின் பாரம் குறையட்டும், எனக்கும் சம்மதம்தான். ஆனால் 2017இல் சொன்ன காரணம் இப்போது எந்தக் கோப்பில் தூங்குகிறது? பாடத்தை விழுங்கியது பள்ளி. தேர்வு எழுதி அவதிப்பட்டது பிள்ளை. தேர்வு போனதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது மறுபடியும் அதே பள்ளி.

கட்-ஆஃப் கணக்கும் எனக்குப் பிடிக்கும். கணிதம் 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அதில் இடமில்லை. அதனால்தான் டிராயிங் ஓரத்தில் உள்ள குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளவும், இந்தப் பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆனது என்று நாலு வரி எழுதவும் எங்களிடம் வரும் பட்டதாரி திணறுகிறார். மருத்துவத்துக்கோ 2017 முதல் நீட் தேர்வு. அங்கே உங்கள் மார்க்கே செல்லாது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

தொழிற்கல்விக்கு வருகிறேன். 1978இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. 1995க்குள் மேல்நிலை மாணவரில் 25 சதவீதம் பேர் அதில் இருக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை எழுதி வைத்தது. அந்த 1995 இன்னும் வந்து சேரவில்லை. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவரோடு பிரிவும் ஓய்வு பெற்றுவிட்ட பள்ளிகள் உண்டு. மிச்சமிருக்கும் இடங்களில் பிள்ளைகள் லேத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறார்கள். நன்றாகவே வரைகிறார்கள்.

யார் அங்கே போகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சேர்க்கை நாளில் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஃபர்ஸ்ட் குரூப் வராதும்மா, வொகேஷனல் போட்டுக்கோங்க" என்கிறார்கள். அந்த அம்மாவின் முகம் விழுவதை நீங்கள் சென்னையிலிருந்து பார்க்க முடியாது.

1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அது ஒழிந்தது. என் அப்பா துணி வெளுத்தவர். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நான் இன்று லேத் முன்னால் அல்ல, படித்துறைக் கல் முன்னால் நின்றிருப்பேன். ஆகவே தொழிற்கல்வி என்றதும் தமிழ்நாடு திடுக்கிடுவதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் துறையீர், அன்று அப்பன் தொழில் பிரித்ததை இன்று பத்தாம் வகுப்பு மார்க் பிரிக்கிறது. அந்த மார்க் யார் வீட்டுப் பிள்ளைக்குக் குறைகிறது என்று மாணவர் விவரமெல்லாம் ஏற்றும் உங்கள் எமிஸ் தளத்திலேயே தட்டிப் பாருங்கள். பிள்ளையின் ரத்த வகை வரைக்கும் அதில் ஏற்றி வைத்திருக்கிறீர்களே.

அடுத்து என்ன படிப்பது என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல் நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2022 மார்ச் 1 முதல் 'நான் முதல்வன்' திட்டம். அதே ஆண்டு, கல்லூரி போகும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய். கல்லூரி வாசலைப் பார்த்திராத வீடுகளுக்கு இவை பெரிய திறப்பு. கேலி செய்ய மனம் வரவில்லை. வழிகாட்டியாக நியமிக்கப்பட்ட வேதியியல் ஆசிரியர் மேல்தான் எனக்கு இரக்கம். எமிஸ் வேலை போக மிஞ்சும் பீரியடில் உலகத்து வேலைகளையெல்லாம் அவர் விளக்க வேண்டும். அவர் உள்ளே இருந்து பார்த்த வேலை ஒன்றே ஒன்று, அதுவும் ஆசிரியர் வேலை. மோட்டார் பம்பும் வால்வும் வார்ப்படமும் செய்யும் இந்த ஊரில், பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன ஓடுகிறது என்று காட்ட ஒரு டவுன் பஸ் போதும்.

ஆகவே கோருவதாவது: தொழிற்பிரிவு என்று மார்க் குறைந்தவர்களுக்குத் தனி அறை வேண்டாம். ஃபர்ஸ்ட் குரூப்பில் 590 வாங்கப்போகும் டாக்டர் வீட்டுப் பெண்ணும் வாரம் இரண்டு பீரியடு அரம் பிடித்து இரும்பை ராவட்டும். ஒரே பீஸைப் பத்துப் பேர் அளந்து பத்து விடை வந்தால் என்ன செய்வது என்று அவள் யோசித்தால், அது கல்லூரி லேபுக்கும் ஆகும், எங்கள் பட்டறைக்கும் ஆகும். பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா என்று அறியப் பொதுத்தேர்வும் வேண்டியதில்லை. ஜூலை மாதம் ஒரு நாள் வகுப்புக்குள் நுழைந்து, மேசையில் எந்தப் புத்தகம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். வருகிறோம் என்று தாளாளருக்கு முதல் நாளே போன் செய்யாமல் இருந்தால் சரி.

தம்பியை வேலைக்கு எடுத்துக்கொண்டோம். சீக்கிரமே பிடித்துக்கொண்டார், இப்போது ஃபோர்மேனின் ரீடிங்கிலேயே தப்பு கண்டுபிடிக்கிறார். ஃபோர்மேனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லேத் பட்டறைக்காரன்

நகல்:
உயர்கல்வித் துறைக்கு — "பள்ளியிலேயே அடித்தளம் சரியில்லை" என்று பதில் எழுத வசதியாக.
ஐ.டி.ஐ.க்களை வைத்திருக்கும் தொழிலாளர் நலத் துறைக்கு — "இது எங்கள் துறை சார்ந்ததல்ல" என்று திருப்பி அனுப்ப வசதியாக.
மூன்று துறைச் செயலாளர்களும் ஒரே கோட்டைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்களாம். நகலை யாராவது நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தால் தபால் செலவு மிச்சம்.