வாத்தியாருக்கு எங்கிருந்து வருது வரும்படி?

ஏங்கண்ணு, போக்கர் கத்துக்குடுக்க உனக்கு ஒரு வாத்தியார் அமைஞ்சிருக்காராமே! ரொம்ப சந்தோசம். ஊர்ல அவனவன் குச்சிக்கெழங்கைப் புடுங்கி லோடு ஏத்திவிட்டுட்டு, சேகோ மில்லுல மாவுச்சத்துப் பாயிண்டு எத்தனை காட்டுமோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கறான். நீ என்னடான்னா கட்டில்ல மல்லாந்து படுத்துக்கிட்டு, கட்டை வெரலாலயே காரு வாங்கப் போறே. வாங்கு சாமி, வாங்கு. வாழப்பாடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிறுத்த எடமில்லைன்னா நம்ம பாக்குத் தோப்பு ஓரமா நிறுத்திக்க, வாடகை கேக்க மாட்டேன்.

வாத்தியார் படத்தையும் காட்டுனே, பாத்தேன். கறுப்புக் கண்ணாடி, கையில கத்தைச் சீட்டு, முதுகுக்குப் பின்னால வெள்ளைக் காரு. அந்தக் காரு யாரோடதுன்னு நான் கேக்கல. கேட்டா, பெருசுக்கு வயித்தெரிச்சல்னு சொல்லிப்புடுவே. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்னே ஒன்னு: இந்த மனுசனுக்கு வரும்படி எங்கிருந்து வருது?

ஆடி ஜெயிச்சு வருதுன்னா, அந்த வேலையை விட்டுப்போட்டு உன்னைமாதிரி ஆளுக்கிட்ட மாசம் ரெண்டாயிரம் வாங்கிக்கிட்டு மாரடிக்கணும்னு அவருக்கென்ன தலையெழுத்து? "நாம ஜெயிச்சதை நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கணும் ப்ரோ"ன்னு சொல்றாராக்கும். கர்ணனுக்கு அப்பறம் இவருதான்னு வெச்சுக்குவோம். ஆனா கணக்கு இடிக்குதே. மேசையைச் சுத்தி ஒம்பது பேரு ஒக்காந்து ஆளுக்கு ஆயிரம் போட்டா மொத்தம் ஒம்பதாயிரம். விடிய விடிய ஆடுனாலும் அது ஒம்பதாயிரத்து ஒன்னு ஆகாது, கொறையத்தான் செய்யும். கை முடிய முடிய மேசைக்காரன் 'ரேக்'னு தன் பங்கை உருவிக்கிட்டே இருப்பான், நூத்துக்கு அஞ்சு ரூவா வரைக்கும் எடுக்கறது சகஜம். மிச்சத்துல ஒருத்தன் ஜெயிக்கணும்னா இன்னொருத்தன் தோத்தே ஆகணும். நெசமாவே சூட்சுமம் தெரிஞ்சவன், தனக்கு எதுத்தாப்புல ஒக்கார இன்னும் பத்து கெட்டிக்காரனுங்களைக் கைக்காசு போட்டு வெளம்பரம் பண்ணித் தேடுவானா?

ஒழுங்காக் கணக்குச் சொல்லிக்குடுக்கற ஆளும் ஒலகத்துல இருக்கான், இல்லேங்கல. 52 சீட்டுல உன் கைக்கு வர்ற ரெண்டு சீட்டு 1,326 விதமா அமையும். அதுல ரெண்டும் ஏஸா வர்றது வெறும் ஆறு விதம். ஆகக்கூடி, 221 தடவைக்கு ஒரு தடவை. இவ்வளவுதான் சங்கதின்னா நம்ம கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரே போதும். பீசும் கேக்க மாட்டாரு, மண்டையில ஒரு குட்டும் எனாமா வெப்பாரு.

சரி, உன் வாத்தியார் கதைக்கு வருவோம். மொத நாளே ஒரு ரெஃபரல் கோடு குடுத்து, "இதைப் போட்டு உள்ள போ, போனஸ் கெடைக்கும்"னு சொன்னாருல்ல? போனஸ் உனக்குக் கெடைச்சுது, கமிஷன் அவருக்குக் கெடைச்சுது. நீ கட்டற ரேக்குல ஒரு பங்கை மேசைக்காரன் அவருக்கு மாசாமாசம் அனுப்பி வெப்பான். நீ ஜெயிச்சாலும் அவருக்கு வரும், தோத்தாலும் வரும். நீ ஆட்டத்தை விட்டாத்தான் வராது. அதனாலதான் "இன்னிக்குத் தோத்தா என்ன ப்ரோ, நாளைக்கு உக்காரு"ன்னு அத்தனை பாசமாப் பேசறாரு. மாட்டுச் சந்தையில தரகுக்காரர் துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசுவாரே, அவரும் விக்கறவன்கிட்டயும் வாங்குவாரு, வாங்கறவன்கிட்டயும் வாங்குவாரு. ஆனா அது சந்தைக்கே தெரியும். உனக்கு மாடு வளக்கக் கத்துத் தர்றேன்னு சொல்லி அவரு தனியா பீசு வாங்கறதில்ல.

அப்பறம் அந்த ஸ்கிரீன்ஷாட்டு. ஒரே ராத்திரியில 80,000 ஜெயிச்சதாப் படம் போட்டிருக்காரு. அந்த 80,000-க்கு முன்னாடி எத்தனை டோர்னமெண்டுக்கு நொழவுக் காசு கட்டித் தோத்தாருங்கறதுக்கு ஏது படம்? லாட்டரிச் சீட்டு வித்த காலத்துல, "இந்தக் கடையில் ஒரு லட்சம் விழுந்தது"ன்னு வாசல்ல போர்டு தொங்கும். விழாத சீட்டெல்லாம் அதே போர்டுக்குக் கீழதான் கிழிஞ்சு கெடக்கும், காலையில கடைப் பையன் கூட்டித் தள்ளுவான். 2003 சனவரியில ஜெயலலிதா அரசு லாட்டரிக்கே தடை போட்ட பொறவுதான் அந்தப் போர்டு எறங்குச்சு. நீ அப்பப் பொறக்கல. அதான் உனக்கு அந்தப் போர்டைப் புதுசா போன்ல மாட்டிக் காட்டறாங்க.

கையில காசில்லைன்னாலும் வாத்தியார் விட மாட்டாரு. "நான் பணம் போடறேன், நீ ஆடு, லாபத்துல பாதிப் பாதி"ன்னு ஒரு ஒப்பந்தம் நீட்டுவாரு. கேக்க இனிப்பா இருக்கும். அதுல பொடி எழுத்துல இன்னொன்னு இருக்கும்: நீ தோத்ததெல்லாம் உன் பேர்ல நிக்கும், அடுத்து ஜெயிக்கறதுல அதைக் கழிச்சுக்கிட்ட பொறவுதான் பங்கு. மூணு மாசம் தோத்து நாலாவது மாசம் ஜெயிச்சா, உன் கைக்கு வர்றது கண்ணு முழிச்ச எரிச்சல் மட்டும். நடுவுல விலகறேன்னு சொன்னா மொத்தத்தையும் எண்ணி வைன்னுவாரு. நம்ம பக்கம் கூத்துல பாத்திருப்பியே, துரியோதனன் பணையம் வெச்சான், சகுனி காயை உருட்டுனான். அந்தப் பாவிங்களே அவங்களுக்குள்ள ஒருத்தனை ஒருத்தன் கடங்காரனாக்கிக்கல. பத்திரம் போட்டிருக்கேன்னு நீ தெம்பா இருக்காதே. 2012-ல மாட்டுன பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிக்காரங்களும் ஒப்பந்தம் போட்டுத்தான் காசு வாங்குனாங்க. ஈமு பறக்காத பறவை, சனங்க போட்ட பணந்தான் பறந்துச்சு.

இத்தனையும் காசோட போற வெவகாரம். ஒரு விசயத்துல மட்டும் நான் எகத்தாளம் பண்ண மாட்டேன், காதைக் குடு. "நீ எப்படி ஆடறேன்னு பாக்கறேன், திரையைக் காட்டு, எனிடெஸ்க்கைப் போடு"ன்னு வாத்தியார் கேட்டாருன்னா, அன்னிக்கோட அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுரு. உன் கைச் சீட்டு அவருக்குத் தெரிஞ்சா, எதிர்ல ஆடற அவரோட கூட்டாளிக்கும் தெரியும். அப்பறம் அதுக்குப் பேரு ஆட்டம் இல்ல, அறுவடை.

நடக்காததைச் சொல்லி நான் பயமுறுத்தல. அமெரிக்காவுல ரஸ் ஹாமில்டன்னு ஒருத்தரு. 1994-ல உலகப் போக்கர் போட்டியில பட்டம் வாங்குனாரு. பத்து லட்சம் டாலர் பரிசு, அதுபோக ஆளோட எடைக்கு எடை வெள்ளி. மனுசன் கிட்டத்தட்ட 150 கிலோ சரீரம். நம்ம செவ்வாப்பேட்டை ஆசாரிங்க கையில குடுத்திருந்தா சேலம் ஜில்லா பொண்ணுங்களுக்கெல்லாம் கொலுசு போட்டிருப்பாங்க. அப்பேர்ப்பட்ட சாம்பியன், அல்டிமேட்பெட்டுங்கற ஆன்லைன் மேசையில நடந்த மோசடியில முக்கியமான ஆளுன்னு, கனடாவுல இருக்கற கானவாகே சூதாட்ட ஆணையம் 2008-ல பேரைச் சொல்லியே அறிவிச்சுது. எதிராளியோட கைச் சீட்டைப் பாக்கற மாதிரி சாப்ட்வேருக்குள்ள ஒரு கள்ளவழி இருந்துச்சு. ஏமாந்தவங்களுக்கு 2 கோடி டாலருக்கு மேல திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. உலகத்தையே ஜெயிச்ச ஆளு மேலயே இப்படி ஒரு பழி. உன் வாத்தியார் நம்ம தாலுகாவுலகூடப் பட்டம் வாங்கல.

அதுக்காவது கம்பெனிக்குள்ள கள்ளவழி வேணும். 2011-ல போர்ச்சுகல்காரப் பையன் ஒருத்தன் அதுவும் வேண்டாம்னு காட்டிட்டான். வயசு சின்னது, பேரு பெருசு. அவன்கிட்டக் கத்துக்கலாம்னு நம்பி வந்தவங்களை, "இந்த ஆளோட ஆடு, சுலபமா ஜெயிக்கலாம்"னு ஏவிவிட்டு, ஸ்கைப்புல அவங்க திரையைப் பாத்துக்கிட்டே எதிர்ப் பக்கமா காசைக் கறந்துட்டான். மாட்டுன பொறவு அவனே ஒத்துக்கிட்டான். கத்துக்க வந்தவங்க பாடம் கத்துக்கிட்டாங்கதான், ஆனா அது போக்கர் பாடமில்ல.

அடுத்து, "என் அக்கவுண்டு லிமிட்டு முடிஞ்சுது ப்ரோ, உன் பேர்ல ஒன்னு தொறந்து குடு"ன்னு வருவாரு. ஆதாரு, பான் கார்டு, பேங்கு பாஸ்புக்கு எல்லாம் உன்னோடது, ஆடறது அவரு. ஜெயிச்சா 30 சதவீத வரிக் கணக்கு உன் பான் நம்பர்ல ஏறும், 2023 ஏப்ரல்லருந்து ஆன்லைன் ஆட்டத்துக்கு அப்படித்தான். எவனோ ஒருத்தன் ஏமாந்த காசு உன் அக்கவுண்டு வழியா போயிருந்தா, சைபர் கிரைம்காரங்க அக்கவுண்டை முடக்கிப்புடுவாங்க. அப்ப அந்த அக்கவுண்டுல விழற பால் சொசைட்டிக் காசை எடுக்க உங்கம்மா பேங்குக்குப் போனா வராது. கவுண்டர்ல அவளுக்குப் பதில் சொல்ல வாத்தியார் வரமாட்டாரு.

இதெல்லாம் சொன்னா நீ கோர்ட்டு தீர்ப்பைத் தூக்கிக்கிட்டு வருவே. தெரியும், வாத்தியார் அதையும் வாட்ஸ்அப்புல அனுப்பியிருப்பாரு. ரம்மிக்குத் தெறமை வேணும்னு சுப்ரீம் கோர்ட்டு 1967-லயே சொல்லிருக்கு. தமிழ்நாட்டு ஆன்லைன் சூதாட்டச் சட்டத்தோட தடைப் பட்டியல்ல ரம்மியும் போக்கரும் இருக்கக்கூடாது, ரெண்டும் தெறமை ஆட்டந்தான்னு நம்ம ஐகோர்ட்டு 2023 நவம்பர்ல சொல்லுச்சு. வாஸ்தவம். ஆட்டத்துக்குத் தெறமை வேணும்னுதான் கோர்ட்டு சொல்லுச்சு கண்ணு. உனக்கு அது இருக்குன்னோ, உன் வாத்தியாருக்கு இருக்குன்னோ எந்த ஜட்ஜும் எழுதல.

அதே ஐகோர்ட்டு, ஆட்டத்துக்குக் கட்டுப்பாடு வெக்கலாம்னும் சொல்லுச்சு. அப்படித்தான் 2025 பிப்ரவரியில, ராத்திரி 12 மணியிலருந்து விடியக்காலம் 5 மணி வரைக்கும் காசு வெச்சு ஆடக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல விதி வந்துச்சு. சூன் மாசம் ஐகோர்ட்டும் அது செல்லும்னுருச்சு. அந்த நேரத்துல நம்ம ஊர்ல முழிச்சிருந்தது தோப்புக் காவக்காரனும் நீயுந்தான். பொறவு ஆகஸ்டுல நாடாளுமன்றமே சட்டம் போட்டு, தெறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன்ல காசு கட்டி ஆடற ஆட்டமே கூடாதுன்னுருச்சு. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் ஆச்சு. நடத்துனா மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, ஒரு கோடி வரைக்கும் அபராதம். வெளம்பரம் பண்ணா ரெண்டு வருசம், 50 லட்சம். பெரிய பெரிய கம்பெனிங்களே காசாட்டத்தை நிறுத்திப்புட்டாங்க.

ஆனா உன் வாத்தியார் நிறுத்தல பாத்தியா? "அது உள்ளூர் ஆப்புக்குத்தான் ப்ரோ, நம்மளுது வெளிநாடு, விபிஎன் போட்டா போதும்"னு சொல்றாரு. இல்லாட்டி "பிரைவேட் கிளப்பு, ஏஜெண்டுக்கு ஜிபே பண்ணா சிப்பு ஏறும்"ங்கறாரு. சிப்பு ஏறும், சரி. எறங்கும்போது ஏஜெண்டு போனை எடுப்பானா? எடுக்கலைன்னா எந்த ஊரு ஸ்டேஷன்ல போய் நிப்பே?

நல்ல வாத்தியாரே கெடையாதான்னு கேக்கறியா? உண்டு. நளன் கதையில இருதுபன்னன்னு ஒரு ராசா வருவான். காயை எண்ணிச் சொல்ற வித்தையை நளனுக்குக் கத்துக்குடுத்தான், பதிலுக்கு நளன்கிட்டக் குதிரை வித்தையைக் கத்துக்கிட்டான். வித்தைக்கு வித்தை, கணக்குத் தீந்துச்சு. நளன் ஜெயிச்சதுல பங்கு கேட்டு அவன் பின்னாலயே வரல. கதையில வேண்டாம், கண்ணுல பாக்கணும்னா பக்கத்துல காட்டுவேப்பிலைப்பட்டி கிரிக்கெட் மைதானம் இருக்கு, 2020-ல அதோட தொறப்பு விழாவுக்கு ராகுல் டிராவிட்டே வந்திருந்தாரு. அங்க கோச்சுன்னா வெயில்ல நிப்பாரு. பையன் போட்ட பந்து ஸ்டம்புல பட்டுதா இல்லையான்னு வேலிக்கு வெளிய நிக்கற எனக்கே தெரியும். கண்ணாடி போட்டிருப்பாரு, ஆனா வெயிலுக்கு.

அதனால கண்ணு, உன் வாத்தியார்கிட்ட மரியாதையாவே நாலு கேள்வி கேளு. ஒரு ராத்திரிக் கணக்கு வேண்டாம், ஒரு வருசத்து வரவு செலவை முழுசாக் காட்டுங்கன்னு கேளு. என் ஆட்டத்துலருந்து உங்களுக்கு எத்தனை கமிஷன் வருதுன்னு கேளு. திரையும் காட்ட மாட்டேன், பான் நம்பரும் தரமாட்டேன், அப்பவும் கத்துக்குடுப்பீங்களான்னு கேளு. காசில்லாம வெறும் சீட்டை வெச்சு ஆடியே பழகிக்கலாமான்னு கேளு. நாலாவது கேள்விக்கு அவரு மொகம் போற போக்கைப் பாத்தாலே மிச்ச மூணுக்கும் பதில் கெடைச்சுரும்.

ஏற்கெனவே காசைக் குடுத்துட்டு வெளிய சொல்ல வெக்கப்பட்டு நிக்கறவன் எவனாச்சும் இருந்தா, வெக்கத்தை விடு. மத்தியச் சட்டத்துல நடத்துனவனுக்கும் வெளம்பரம் பண்ணவனுக்குந்தான் தண்டனை, ஆடி ஏமாந்தவனுக்கு இல்ல. சைபர் மோசடிக்குப் புகார் நம்பர் 1930. மறந்து போச்சுன்னா, மெட்ராஸ் மாகாணத்துல சூதாட்டத் தடைச் சட்டம் வந்த வருசமும் 1930-தான், அதை நெனச்சுக்க. பணம் போன சூட்டோட கூப்புடு. தாமசம் பண்ணப் பண்ண பணம் கை மாறிக்கிட்டே போகும், புடிக்கறது கஷ்டம்.