சிவப்பன: அடுப்படி அறிவியல் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

சமையலறைப் பொருள்களை வைத்துக் குழந்தைகள் செய்யும் சோதனைகள் பற்றி முறையான ஆய்வு தமிழில் இதுவரை வந்ததில்லை. வந்திருக்கலாம், இவ்வாய்வாளர் தேடவில்லை. தேடாமலே 'ஆய்வு இடைவெளி' கண்டுபிடிப்பது ஏற்கப்பட்ட முறைதான்.

ஆய்வுக் களம்: எங்கள் வீட்டு அடுப்படி. ஆய்வு மாணவி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள். நிதி நல்கை: மளிகைக் கணக்கு. நெறியாளர்: நான். (நெறியாளராவார், பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் தம் பெயரை முதலில் போட்டுக்கொள்பவர்.)

அடுப்படிச் சோதனைகள் நால்வகைப்படும்.

1. பொங்குவன: ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கரியமில வாயு நுரைத்து வரும், மேடையைத் துடைப்பது நெறியாளர் கடமை.

2. மிதப்பன: நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை, உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் மேலே வரும், சைவ ஆய்வகங்களில் உருளைக்கிழங்குத் துண்டு.

3. ஓடுவன: தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி நடுவே சோப்பு தொட்ட விரலை வைத்தால், தூள் விளிம்புக்கு ஓடும். காரணம் நீரின் மேற்பரப்பு இழுவிசை. பல்கலைக்கழகப் பக்கமே போகாத ஜெர்மானியப் பெண் ஆக்னஸ் பொக்கெல்ஸ் இதை வீட்டுச் சமையலறையில் வைத்தே அளந்தார். 1891இல் ராலே பிரபு அவர் கடிதத்தை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். அந்த ஆய்வை ராலே தம் பெயரில் போட்டுக்கொள்ளவில்லை. இது ஆய்வு நெறிக்கு முரணானது.

4. சிவப்பன: மீதிக் கட்டுரை முழுதும் இதற்கே.

மகளின் வெள்ளை யூனிபாரம் சட்டையில் சாம்பார் சிந்தியது. சோப்புப் போட்டுத் தேய்த்ததும் மஞ்சள் கறை செக்கச்செவேல் என்று மாறியது. "அப்பா, ரத்தம்!" என்றாள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும் என்று விளக்கினேன். உடனே ஓடிப்போய் மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கி வந்தாள். "காரம்னு சொன்னீங்களே!" கலைச்சொல் குழுவினர் அடுப்படிப் பக்கம் போனதே இல்லை என்பதற்கு இது அகச்சான்று.

கல்யாணப் பத்திரிகை உறையின் வெள்ளைப் பக்கத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசி உலர்த்தினோம். பாட்டி தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து மிளகளவு சுண்ணாம்பைத் தாமே எடுத்துத் தடவினார். சிவந்தது. "இதுல என்னடி ஆராய்ச்சி? ஆரத்திக்குக் கரைக்கிறதுதானே" (பாட்டி, வாய்மொழி).

இங்குதான் அறிஞருலகம் பிளவுபடுகிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும் என்பது பாட்டி மரபு (பாட்டி, மேற்படி, திண்ணை). சுண்ணாம்பு நீரில் மஞ்சளைக் கரைக்க வேண்டும் என்பது அத்தை மரபு (அத்தை, தொலைபேசி வழி, குக்கர் மூன்றாம் விசிலுக்கு முன்). பாட்டி இதை வன்மையாக மறுக்கிறார் (பாட்டி, திருத்திய இரண்டாம் பதிப்பு, வாயில் வெற்றிலையோடு, சில சொற்கள் சிதைந்துள்ளன). மறுப்புக்கு மறுப்பும் உண்டு (அத்தை, விரிவாக்கிய பதிப்பு, தம் கல்யாண ஆரத்தி பற்றிய நீண்ட பின்னிணைப்புடன், பின்னிணைப்பில் மஞ்சளைப் பற்றி ஒன்றுமில்லை, சீர்வரிசையில் வராத வெள்ளிக் குத்துவிளக்கைப் பற்றியே உள்ளது).

இரண்டு விதமாகவும் கரைத்துப் பார்த்தோம். ஒரே சிவப்பு. இத்தரவு இரு மரபுகளுக்குமே பாதகமாக இருப்பதால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

பிறகு மகள் எலுமிச்சை மூடியால் சட்டைக் கறையைத் தேய்த்தாள். சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் வந்தது. மறுபடி சோப்பு, மறுபடி சிவப்பு; மறுபடி எலுமிச்சை. ஏழு முறை. பள்ளி நோட்டில் நோக்கம், பொருள்கள், செய்முறை எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். 'முடிவு' மட்டும் தானே எழுதுவதாகச் சொன்னாள்:

"எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது. அம்மா சட்டையை வெயிலில் போட்டிருக்கிறார். வெயிலில் மஞ்சள் போகும் என்கிறார். நாளைக்குப் பார்க்க வேண்டும்."

முடிவு என்றால் முடிந்திருக்க வேண்டும், "மஞ்சள் கறை நீங்கியது" என்று எழுதம்மா என்று திருத்தினேன்.

"பார்த்துட்டு எழுதினா என்னப்பா?"

இப்படிக் கேட்பவர்களுக்குப் பட்டம் தாமதமாகும்.