உப்புத் தண்ணிக்கு ஒரு டிரிப் செட்

திண்டுக்கல்லில் தண்ணீர் இரண்டு வகை. முறை வைத்துக் குழாயில் வருவது நல்ல தண்ணி. போரில் வருவது உப்புத் தண்ணி. இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இங்கே குடும்பம் நடத்துவது என்று பெயர். எந்தக் கடலுக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இந்த ஊரில், மூன்றாவதாகக் கடல் தண்ணியையும் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய மச்சினன், "ரெண்டு வருசம் பாத்துக்கங்க மச்சான்" என்று தன் 200 லிட்டர் கடல்மீன் தொட்டியை இறக்கிவிட்டுப் போனான். கூடவே ஒரு கண்ணாடிக் குழல், ஒரு கேஸ் சிலிண்டர், நூடுல்ஸ் மாதிரி கொஞ்சம் டியூப். பெயர் கால்சியம் ரியாக்டர். ரியாக்டர் என்றதும் கூடங்குளம் ஞாபகத்தில் என் மனைவி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. குழல் நிறையச் சுண்ணாம்பு மணி. தொட்டித் தண்ணி அதற்குள் போகும். சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு குமிழ் குமிழாகச் சேரும். தண்ணி சோடா மாதிரிப் புளித்து, பி.எச். 6.5 பக்கம் இறங்கினால் சுண்ணாம்பு கரையும். அது தொட்டிக்குத் திரும்பிப் போகும். கடல் தண்ணியில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலே கால்சியம் உண்டு. தொட்டியிலும் அது குறையக் கூடாது.

எங்கள் போர் தண்ணியோ பாத்திரத்தின் அடியில் படையாகப் பிடிக்கும், கெய்சர் காயிலுக்கு வெள்ளையடிக்கும். அந்தச் சுண்ணாம்பு ஆகாதென்று காசு கொடுத்து ஆர்.ஓ. மிஷின் வைத்தேன். சுத்தமான தண்ணியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் 7 கிலோ கடலுப்புக் கலவையைக் கரைத்தேன். அப்புறம் மறுபடி காசு கொடுத்துச் சுண்ணாம்பு. கரிக்காலியில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் ஆக்குகிற மாவட்டத்தில், நான் அதைக் கூரியரில் வரவழைத்தேன்.

"ஏங்க, நம்ம போர் தண்ணியையே ஊத்துனா என்ன? அதுல இல்லாத உப்பா, இல்லாத சுண்ணாம்பா?" என்றாள் மனைவி.

"அதுல நைட்ரேட் இருக்கும்" என்றேன் கம்பீரமாக. ஆர்.ஓ. கழித்துவிட்ட தண்ணியைப் பிடித்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், பக்கெட்டை நங்கென்று வைத்தாள்.

ரியாக்டருக்குள் தண்ணி போக வேண்டிய அளவு நிமிடத்துக்கு 15 மில்லி. கூடினால் சுண்ணாம்பு கரைய நேரமில்லை. குறைந்தால் குழலுக்குள்ளேயே புளித்துக் கிடக்கும். அதற்கென்று ஒரு குட்டி வால்வு. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தும் அந்தத் திருகு என் கைக்கு அடங்கவில்லை. கூட்டினால் குழாயடி, குறைத்தால் காலையில் அடைப்பு.

மெடிக்கல் ஷாப்பில் டிரிப் செட் கேட்டேன். "வீட்ல யாருக்குண்ணே முடியல?" என்றான் பையன், உருக்கமாக. மீன் தொட்டிக்கு என்றேன். பில் போடாமல் கொஞ்ச நேரம் பார்த்தான். 20 சொட்டு ஒரு மில்லி என்று உறையில் போட்டிருந்தது. அப்படியானால் நிமிடத்துக்கு 300 சொட்டு. எண்ண உட்கார்ந்தவன் நாற்பதில் தூங்கிப்போனேன். கடைசியில் இருமல் டானிக்கின் 15 மில்லி மூடிதான் கைகொடுத்தது. ஒரு நிமிடத்தில் மூடி நிறைந்தால் சரி.

சரியாகத்தான் இருந்தது, நாலு நாள். ஐந்தாம் நாள் டியூப் நுனியில் அரிசி மாதிரி ஒரு வெள்ளை மொட்டு. வெளியே வந்ததும் கேஸ் பறந்துவிட, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிவிட்டது. வெந்நீர்ப் பானையில் நடப்பதும் இதேதான், அங்கே அடுப்பு செய்கிற வேலை. புளித்தண்ணியில் நுனியை ஊற வைத்தேன். நுரைத்துக்கொண்டு கரைந்தது. அன்றைக்கு ரசம் கிடையாது.

மச்சினன் போனில் சிரித்தான். "வால்வே வேண்டாம் மச்சான், பெரிஸ்டால்டிக் பம்ப் வைங்க." உருளைகள் டியூபை வரிசையாக அமுக்கிக்கொண்டே போகும், பால் கறக்கிற மாதிரி. பால்மாட்டுக்குச் செலவழித்திருந்தால் காப்பியாவது கிடைத்திருக்கும். வாங்கினேன். நூல் பிடித்தாற்போல் தண்ணி ஓடுகிறது.

இவ்வளவும் எதை வளர்க்க? பவளத்தை அல்ல. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்த காலம் ஒன்று இருந்தது. அங்கே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. கல்பவளங்களை 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் புலியோடு சேர்த்துவிட்டார்கள். நம் கடல் பவளத்தைத் தொட்டால் சிறை. ஆகவே என் தொட்டியில் இருப்பது இரண்டு கோமாளி மீனும், பாறைமேல் படரும் சுண்ணாம்புப் பாசியும்தான். ஆறு மாதத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் படர்ந்திருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கெணத்துப் படியில சும்மா வளர்ற பாசிக்கா கேஸ் கனெக்சன்?" என்றாள்.

கெய்சர் காயிலில் சுரண்டிய சுண்ணாம்பு ஒரு டப்பா நிறைய இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், இலவசம். வரும்போது ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டுவந்தால் போதும்.