உருக்குப் பாய்ப்படகைத் திருத்துவதா, தலைமுழுகுவதா: கறளியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள் ஓர் உருக்குப் பாய்ப்படகு. அது கிடப்பது கொட்டாஞ்சேனைக்கு அப்பால், முகத்துவாரத்துப் பக்கம் ஒரு வளவில். உரிமையாளர் இருப்பது வெள்ளவத்தையில். நடுவே காலி வீதி நெரிசல் கிடக்கிறது என்பதே படகு கறள் பிடித்ததற்கு முதற் காரணம். இரண்டாவது உப்பு. மூன்றாவது குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இத்துறையில் இரண்டு கட்சி. திருத்தலாம் என்பது ஒன்று; பழைய இரும்புக்காரரைக் கூப்பிடு என்பது மற்றது. இரண்டாம் கட்சியின் தலைமை உரிமையாளரின் மனைவி. அவருடைய வாதம் ஒரே வாக்கியம் என்பதால் கருத்தரங்கில் இடம் கிடைக்கவில்லை.

முதற் கட்சியின் வேதம் 'ஜோஷுவா'. பேர்னார் முவாத்தேசியே 1968இல் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்ட உருக்குப் படகு அது. 1982 டிசம்பரில் மெக்சிக்கோவின் காபோ சான் லூக்காஸில் புயல் அதைக் கரையில் அடித்துப் போட்டது. அவர் அதை 20 டொலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிய இளைஞர்கள் திருத்தி மிதக்கவிட்டார்கள். பின்னாளில் பிரான்சின் லா றொஷேல் கடல்சார் நூதனசாலை அதை வாங்கிக்கொண்டது. எந்தப் படகையும் திருத்தலாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். உரிமையாளர் கையைக் கழுவிய பிறகே திருத்தம் நடந்தது என்பதை அடிக்குறிப்பில்கூடப் போடுவதில்லை.

நம்மூர் உதாரணம் கேட்டால், வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் போய்ச் சேர்ந்தாள். ஆனால் அவள் மரம், ஆகவே இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டாள்.

இனிப் பெயின்ற் அடுக்கியல். சுரண்டிப் பார்த்ததில் மேலே நீலம், அடுத்து வெள்ளை, அடுத்து றெட் ஒக்சைட், அதற்கும் கீழே மறுபடி நீலம், பிறகு நேரே கறள். இந்தக் கீழ் நீலந்தான் சிக்கல். றெட் ஒக்சைட் அடிக்காமல் வெறுந்தகட்டில் நீலம் பூசிய அந்த நாகரிகம் எது? வீட்டுக் கேற்றுக்கு வாங்கியதில் மிஞ்சியது என்பது ஒரு கருத்து (மாமா, வாய்மொழி, வெள்ளவத்தைச் சந்தை). கேற் பச்சை என்பது மறுப்பு (மேற்படி மாமா, திருத்திய பதிப்பு, பிளேன்ரீக்குப் பின்). இரண்டும் தவறு என்பது மூன்றாவது (மேற்படி மாமாவின் மச்சான், கொட்டாஞ்சேனை, பஸ் புறப்பட்ட பின் யன்னலூடாகச் சொன்னது, கடைசி இரு சொற்கள் கேட்கவில்லை). கேட்காத அந்த இரு சொற்களைப் பற்றித் தனி நூலொன்று தயாராகிறது. முதலில் நீலம் பூசியவர் தமிழரா சிங்களவரா என்றும் ஒருவர் எழுப்பினார். ஒரு சட்டி ஓடு கிடைத்தால் அதில் என்ன சமைத்தார்கள் என்பதற்கு முன் எந்த இனம் சமைத்தது என்று அடித்துக்கொள்ளும் நாட்டில் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இதற்கிடையில் வெல்டிங் பாஸ் ஒருவர் வந்தார். மேற்சொன்ன ஆதாரம் எதையும் வாசித்தவரல்லர். சின்னச் சுத்தியலால் தகட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டு போனார். 'டிங்' என்ற இடங்களைத் தாண்டினார். 'டொக்' என்ற இடத்தில் நின்று சோக்கால் வட்டம் போட்டார். வெளியில் பாளமாக உரியும் கறளைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றார். கறள் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பொம்மி நிற்குமாம். உருக்குப் படகு உக்குவது உள்ளிருந்து. அடித்தளப் பலகைக்குக் கீழே தேங்கும் தண்ணீர் சத்தமில்லாமல் குழி பறிக்கும். பெயின்ற் வெளியே பளபளவென்றிருக்கும். ஒட்டுத்தகடு வைப்பதானாலும் உள்ளே இருக்கிற மரத்தையெல்லாம் அகற்றாமல் வெல்டிங் பிடித்தால் தீப்பற்றும்.

"உள்பலகையக் கழட்டுங்கோ ஐயா. தகட்டின்ர தடிப்பப் பாத்திட்டு ஒரு சொல்லில சொல்லுறன்."

சபையில் சலசலப்பு. பலகையைக் கழற்றினால் தடிப்புத் தெரிந்துவிடும். தடிப்புத் தெரிந்தால் செலவு தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இத்துறைக்கு என்ன வேலை? உருக்கின் உள்மனம் பற்றிப் போதிய முன்னாய்வு இல்லை என்று தீர்மானம் நிறைவேறியது. கழற்றுவதன் அறவியலை ஆராய மாமா தலைமையில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். மச்சானுக்கு அதில் இடமில்லை. பாஸ் வந்து போன ஓட்டோக் கூலியை யார் கொடுப்பது என்பது நிகழ்ச்சிநிரலில் ஏழாவது.