முக்காடு போட்ட பிரவுசர்

எதிர்வீட்டுத் தம்பி எதைத் தேடினாலும் பிரவுசரின் ‘இன்காக்னிட்டோ’வில்தான் தேடுவான். “யாருக்கும் தெரியாது சார்!” உண்மைதான், அவன் மனைவிக்குத் தெரியாது. இணைப்பு கொடுத்த கம்பெனிக்கு, ராத்திரி ஒன்றரை மணிக்கு அவன் எந்தத் தளத்தின் கதவைத் தட்டினான் என்பது தெரியும். எச்டிடிபிஎஸ் பூட்டு, உள்ளே நடந்ததைத்தான் மறைக்கும். உறை ஒட்டியிருக்கிறது, விலாசம் வெளியே.

விபிஎன் போடலாமா? வாடிக்கையாளரின் பெயர், முகவரியை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்லி விபிஎன் கம்பெனிகளுக்கு 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. முகமூடி விற்பவரிடமே விலாசப் பட்டியல்! நார்ட்விபிஎன்னும் எக்ஸ்பிரஸ்விபிஎன்னும் இந்தியாவிலிருந்த சர்வர்களை மூட்டை கட்டிவிட்டன.

தம்பி அசரவில்லை. தளங்களின் விலாசம் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை நேற்று மாற்றிவிட்டானாம். அவன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு மட்டும் இன்னும் அவனுடைய செல் நம்பர்தான். தெருவே அதில்தான் சீரியல் பார்க்கிறது.