பாருக்கு அந்தப் பக்கம்

சைக்கிளில் ஆண், பெண் என்று இரண்டு சாதி உண்டு. இரண்டையும் பிரிப்பது 'பார்' என்ற ஓர் இரும்புக் குழாய். சீட்டிலிருந்து ஹேண்டில் வரைக்கும் நேராக ஓடினால் அது ஜென்ட்ஸ் சைக்கிள். கீழே சரிந்து இறங்கிவிட்டால் லேடீஸ் சைக்கிள். மைசூரு ஹெப்பாளில் குடியேறிய கையோடு சைக்கிள் வாங்கக் கடைக்குப் போய், பார் வைத்த வண்டி ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரர் பதறிப்போனார். "மேடம், லேடீஸ் சைக்கிள் ஆ கடெ இதெ" என்று கூடை மாட்டிய இளஞ்சிவப்பு வரிசையைக் காட்டினார். ஆண்கள் கழிப்பறைக்குள் நுழையப் போனவளைத் தடுத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"எனக்குக் கியர் வண்டிதான் வேண்டும்" என்றேன்.

"சாருக்கா?"

"எனக்கு."

"ஓ, வெயிட் குறைக்கவா?"

என் கணவர் சைக்கிள் வாங்கினால் அதற்குப் பெயர் ஆர்வம். நான் வாங்கினால் கொழுப்பு. கடைக்காரர் ஓர் அர்த்தத்தில் சொன்னார். மாமியார் இன்னோர் அர்த்தத்தில் சொன்னார்.

அந்தக் குழாய்க்கு ஒரு வேலை இருக்கிறது. சட்டத்தை முக்கோணமாக்கிப் பலம் கொடுப்பது அதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேலை நாட்டுப் பெண்கள் கணுக்கால் வரை பாவாடை உடுத்தியதால், ஏறி இறங்க வசதியாக அதைத் தாழ்த்தினார்கள். ஆக, விஷயம் உடம்பு அல்ல, உடுப்பு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் வேட்டி கட்டிய நம் தாத்தாக்கள் அத்தனை பேரும் லேடீஸ் சைக்கிளில்தான் போயிருக்க வேண்டும். அவர்களோ வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைப் பின்பக்கமாக வீசி, எதிரில் வருபவர் கண்ணை மூடிக்கொள்ளும்படி ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். டிராக் பேண்ட் போட்ட எனக்குத்தான் பார் ஆகாதாம்.

1893இல் இங்கிலாந்தில் டெஸ்ஸி ரேனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண், ஆண்கள் ஓட்டும் வண்டியில் பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பினாள். ஏறக்குறைய 190 கிலோமீட்டர். எட்டரை மணி நேரம். ஊர் வாயைப் பிளந்தது உண்மைதான். ஆனால் வேகத்துக்காக அல்ல, அவள் போட்டிருந்த அரைக்கால் சட்டைக்காக. அதே காலத்து வைத்தியர்கள் சிலர், சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு முகம் இறுகிக் கண் பிதுங்கும் என்று சொல்லி, 'சைக்கிள் முகம்' என ஒரு நோயையே கண்டுபிடித்தார்கள். எனக்கும் முகம் இறுகத்தான் செய்கிறது. ஆனால் அது ஓட்டும்போது வருவதில்லை, "சார் வரலையா?" என்று யாராவது கேட்கும்போது வருகிறது.

இந்த பார் வழக்குக்குச் சரியான தீர்ப்பு சொன்னவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். ஊர் பேசாத பேச்சில்லை. அவர்கள் மிதித்துக்கொண்டே போய்விட்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதைத்தான் விரும்பியும் எடுத்தார்கள். குழந்தையை உட்கார வைக்க முன்னால் பார் இருக்கிறதே! பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி வைத்திருக்கிறார். பெண்களுக்கு ஆகாது என்று ஒதுக்கிய குழாய், கடைசியில் பிள்ளை உட்காரும் இடமாயிற்று.

ஹெப்பாளுக்கு வருவோம். ஏரிப் பக்கமாகப் போய் ரிங் ரோட்டைப் பிடித்தால், காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்சியும் போட்ட சாஃப்ட்வேர் படையைப் பார்க்கலாம். அதில் நம் தமிழ்ப் பையன்களும் உண்டு. ஒருவன் பின்தங்கினால் மற்றவன் விடும் சத்தம் எனக்குப் புரியும்: "என்னடா, பொண்ணு மாதிரி மிதிக்கிற?" ஞாயிற்றுக்கிழமையானால் இதே கூட்டம் இதே வசனத்தோடு சாமுண்டி மலை ஏறுகிறது. மூச்சிரைக்க அவர்கள் ஏறிப் போய்க் கும்பிடுவது மகிஷாசுரனை வதம் செய்த ஒரு பெண்ணை. மலை உச்சியில் அவனுக்கும் ஒரு சிலை இருக்கிறது. கையில் கத்தி, இன்னொரு கையில் பாம்பு, பெரிய மீசை. எல்லாம் இருந்தும் ஜெயித்தது யார் என்பதை யாரும் அவர்களுக்கு நினைவூட்டுவதில்லை.

பாராட்டும் கிடைக்கும். "லேடீஸா இருந்தும் நல்லா ஓட்டுறீங்க ஆன்ட்டி." இந்த ஒரு வரியில் எதற்கு முதலில் கோபப்படுவது என்று தீர்மானிப்பதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் மிஞ்சிய கூத்து, ஓர் ஆணைத் தாண்டிப் போவது. அதுவரை ஏரியில் கொக்கு பார்த்தபடி சாவகாசமாகப் போனவருக்குத் திடீரென்று ஆபீஸ் நினைவு வரும். எழுந்து நின்று மிதிப்பார். என்னைத் தாண்டி ஐம்பது அடி போனதும் நின்று, செயினில் ஏதோ கோளாறு என்பதுபோல் குனிந்து பார்ப்பார். செயின் நன்றாகத்தான் இருக்கும். பெருமூச்சு விட ஒரு காரணம் வேண்டுமே.

இந்த நோய்க்கு மருந்து 1967லேயே வந்துவிட்டது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 12 மணி நேரப் போட்டி. அன்று ஆண்களுக்கான சாதனையை முறியடிக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார் மைக் மெக்நமாரா. பண்ணையில் வேலை செய்த, ஒரு குழந்தைக்குத் தாயான பெரில் பர்ட்டன் அவரை எட்டிப் பிடித்தார். தாண்டும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். பெரில் அன்று ஓட்டியது சுமார் 446 கிலோமீட்டர். மெக்நமாரா ஆண்கள் சாதனையைப் படைத்தார். பெரிலின் தூரம் அதைவிட அதிகம். எந்த ஆணும் அதைத் தாண்ட 1969 வரை ஆயிற்று. பெண்களுக்கோ 2017 வரை.

அந்த நல்ல வழக்கத்தை ஹெப்பாளிலும் தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஊர் மரியாதைக்கு மைசூர்பாகுதான் கொடுக்க வேண்டும். ஆனால் நெய்க் கையால் பிரேக் பிடிக்க முடியாது. அதனால் கடலை மிட்டாய். நல்ல கெட்டிப் பாகாகப் பார்த்து வாங்கப் போகிறேன். மென்று முடிக்கும் வரையிலாவது யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.